ஆண்டுக்கு 44 வாரம், நாளுக்கு 20 நிமிடம், கையில் ஒரு கிட்டார்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் வீடுகளில் ஓர் எண்ணிக்கை எடுத்தால் ஓர் உண்மை தெரியவரும். பல வீடுகளில் கிட்டார் இருக்கிறது. அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில், சாமான் அறையில் குடைகளுக்குப் பக்கத்தில். தந்திகள் துருப்பிடித்து, பை தூசி படிந்து, ஆறாவது தந்தி அறுந்து தொங்கும். "யார் வாசிப்பாங்க?" என்று கேட்டால், "தம்பி ஒரு காலத்துல வாசிச்சான்" என்று பதில் வரும். அந்த ஒரு காலம் பெரும்பாலும் மூன்று மாதம்தான்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. உலகப் புகழ்பெற்ற ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி மூனி, சில ஆண்டுகளுக்கு முன்பு இதை வெளிப்படையாகவே சொன்னார். புதிதாகக் கிட்டார் தொடங்குவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள், சில வேளைகளில் 90 நாளுக்குள்ளேயே, விட்டுவிடுகிறார்கள் என்றார். மீதி 10 விழுக்காட்டினர் ஆயுள் முழுக்க வாசிக்கிறார்கள். எனவே கிட்டார் கற்பதில் கடினமான பகுதி முதல் ஆண்டுதான். அதைத் தாண்டிவிட்டால் போதும்.

சென்ற ஆண்டு ஜனவரியில் நான் அந்த முதல் ஆண்டைத் தொடங்கினேன். எனக்கு வயது முப்பதுக்கு மேல். வானொலியில் காலை நேர அறிவிப்பாளர் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் அடிக்கும். இருப்பது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில். இவற்றுக்கு நடுவே ஓராண்டுப் பயிற்சியை எப்படித் திட்டமிட்டேன், எது பலித்தது என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கிட்டார் தூங்கிக்கொண்டிருந்தால், இது உங்களுக்குத்தான்.

ஏன் இந்த ஆண்டே?

என் அப்பா கிள்ளானில் இருக்கிறார். துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அவர் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். கல்யாண வீடுகள், தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள், பள்ளி நிதி திரட்டும் கலைநிகழ்ச்சிகள் என்று வார இறுதிகளில் வேனில் ஏறிப் போய்விடுவாராம். நாங்கள் பிறந்த பிறகு ஷிப்டு வேலைக்கும் குழுவுக்கும் நேரம் ஒத்துவரவில்லை. கிட்டார் பெட்டிக்குள் போனது.

அந்தத் தலைமுறைக்கு ஒரு பெருமை இருந்தது. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் அவருடைய சகோதரர் லோகநாதன் ஆறுமுகமும் அறுபதுகளின் இறுதியில் உருவாக்கிய ஆலிகேட்ஸ் குழு, மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கப் புகழ்பெற்றது. சுருள் சுருளாக அடர்ந்த அந்த முடியும், இரு தமிழ்ச் சகோதரர்கள் தேசிய மேடையில் நின்ற காட்சியும் அப்பாவின் தலைமுறைக்கு மறக்காது. லோகநாதன் 2007-ஆம் ஆண்டில் காலமானபோது அப்பா அன்று முழுக்க அவர் பாடல்களையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு 70 வயது நிறைவதாக இருந்தது. விரல் மூட்டுகளில் வலி கூடிக்கொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் கை முழுதாக மடங்குவதில்லை. மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "கத்துக்கணும்னா இப்ப வந்து கத்துக்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் போனா நான் வாயால சொல்லித்தான் குடுக்க முடியும். வாசிச்சுக் காட்ட முடியாது."

அதற்குப் பிறகு "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று சொல்ல எனக்கு வழியில்லை. டிசம்பரில் அவருடைய 70-ஆவது பிறந்தநாள். அன்று அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு பாட்டை முழுதாக வாசிக்க வேண்டும். இலக்கு அவ்வளவுதான். கையில் இருந்தது பன்னிரண்டு மாதம்.

வயசாகிவிட்டதா?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். பதிலுக்கு இளையராஜாவைப் பாருங்கள். 1943-இல் பிறந்தவர், 1968-இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 25. ஊர் ஊராகப் பாட்டுக் கச்சேரி செய்த அனுபவம் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுத்துக் கூட்டுவதிலிருந்து படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வை எழுதித் தேறினார். பிழைப்புக்கு இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்துக்கொண்டேதான் இதையெல்லாம் செய்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அவருடைய திறமை நமக்கு வராது, சரி. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே, வளர்ந்த வயதில், முறையாகப் பாடம் படிக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

இன்னொரு பயம் 'பத்தாயிரம் மணி நேரம்'. மால்கம் கிளாட்வெல் 2008-இல் எழுதிய புத்தகம் இந்த எண்ணைப் பிரபலமாக்கியது. அதன் வேர், ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அது உலக மேடைக்குப் போகத் துடிக்கும் கலைஞர்களின் கணக்கு. பிறந்தநாளில் அப்பாவோடு ஒரு பாட்டு வாசிக்க நினைப்பவருக்கு அது பொருந்தாது. அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: எத்தனை மணி நேரம் என்பதைவிட, எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து செய்யும் பயிற்சிதான் கைகொடுக்கும்.

முதலில் நாட்காட்டி

புத்தாண்டுத் தீர்மானம் எடுப்பவர்கள் 365 நாள் என்று கணக்குப் போடுவார்கள். நம் நாட்டில் அது நடக்காது. நாம் கொண்டாட ஆரம்பித்தால் ஜனவரியில் பொங்கல், அடுத்துத் தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று ஊரே நகர்ந்துகொண்டிருக்கும். எனவே நான் முதலில் கையில் எடுத்தது கிட்டார் அல்ல, நாட்காட்டி. அதில் எட்டு வாரங்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம். சீனப் புத்தாண்டுக்கு ஒன்று. நோன்புப் பெருநாளுக்கு, எல்லாரும் கம்பத்துக்குத் திரும்பும் நெரிசலில், ஒன்று. தீபாவளி முடிந்து திறந்த இல்ல உபசரிப்புகள் நடக்கும் வாரம் ஒன்று. பள்ளி விடுமுறைப் பயணங்களுக்கு இரண்டு. காய்ச்சல், கூடுதல் வேலை என்று எதிர்பாராமல் வருவதற்கு இரண்டு. மொத்தம் எட்டு. மீதி 44 வாரம்.

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். 44 வாரத்துக்கு 220 நாள். அதாவது 4,400 நிமிடம், 73 மணி நேரம் 20 நிமிடம். இந்த வேகத்தில் பத்தாயிரம் மணி நேரம் எட்ட 136 ஆண்டு பிடிக்கும்! ஆனால் ஏழெட்டுப் பாட்டுகளைத் தடுமாறாமல் வாசிக்க 73 மணி நேரம் தாராளம்.

விடுமுறையை முன்கூட்டியே எழுதிவைப்பதில் ஒரு நன்மை உண்டு. தைப்பூச வாரத்தில் பத்துமலையில் இருக்கும்போது "ஐயோ, பயிற்சி போச்சே" என்ற உறுத்தல் வராது. அது திட்டத்திலேயே இருந்த விடுமுறை.

ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள 21 நாள் போதும் என்று சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லேலியும் அவருடைய சகாக்களும் 96 பேரைக் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதில் ஆறுதலான செய்தி: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எடுங்கள். போன நாளுக்கும் சேர்த்து 40 நிமிடம் வாசிக்க முயல வேண்டாம், விரல்தான் வலிக்கும்.

வானொலிக் கடிகாரம்

ஊடகத்துறைப் படிப்பில் வானொலி பற்றி முதலில் சொல்லிக்கொடுப்பது ஒலிபரப்புக் கடிகாரம். ஒரு வட்டம் வரைந்து, ஒரு மணி நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். செய்திக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு, பாட்டுக்கு இவ்வளவு, அறிவிப்பாளர் பேச்சுக்கு இவ்வளவு. நேயருக்கு எல்லாம் இயல்பாக ஓடுவதுபோல் இருக்கும். உள்ளே நொடிக் கணக்கு ஓடும்.

அதையே என் 20 நிமிடத்துக்கும் வரைந்துகொண்டேன்.

முதல் 2 நிமிடம்: சுருதி சேர்த்தல், விரல்களைத் தளர்த்துதல்.
அடுத்த 5 நிமிடம்: ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாறும் பயிற்சி.
அடுத்த 5 நிமிடம்: மெட்ரோனோம் வைத்து வலக்கைத் தாளம்.
அடுத்த 6 நிமிடம்: அந்த மாதத்துப் பாட்டு.
கடைசி 2 நிமிடம்: நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி. இன்று எது வந்தது, நாளை எங்கே தொடங்க வேண்டும்.

கடைசி இரண்டு நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் "நாளைக்கு ஜி-யிலிருந்து சி மாற்றம், வேகம் 64" என்று எழுதியிருந்தால் மறுநாள் கிட்டாரை எடுத்ததும் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. களைத்துப்போன நாளில் அந்த யோசனைதான் நம்மைத் தொலைக்காட்சிப் பக்கம் இழுத்துவிடும்.

நேரத்தையும் ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். எனக்குக் காலை நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பி முகம் கழுவியதும். உங்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கலாம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் நேரமாக இருக்கலாம். கிட்டாரைப் பைக்குள் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில், ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். பையின் ஜிப்பைத் திறக்கச் சோம்பல்பட்டே பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்துபோகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ரயிலில் கிட்டார் வாசிக்க முடியாது, கேட்க முடியும். அந்த மாதத்துப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, கார்ட் எந்தச் சொல்லில் மாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். விரலால் தொடையில் தாளம் போடுங்கள். 20 நிமிடக் கணக்கில் இது சேராது, ஆனால் வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுக்கும்போது பலன் தெரியும்.

முதல் மூன்று மாதம்: விரல்

முதல் மாதம் வலிக்கும். இடக்கை விரல் நுனிகள் சிவந்து எரியும். சில வாரங்களில் தோல் தடித்துவிடும். தொடங்குபவர்களுக்கு நைலான் தந்தி போட்ட கிட்டார் விரலுக்கு இதம். சில நூறு ரிங்கிட்டுக்கே பழகுவதற்கேற்ற நல்ல கிட்டார் கிடைக்கிறது. வாங்கும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போங்கள். தந்திக்கும் ஃபிரெட் பலகைக்கும் இடையில் அதிக உயரம் இருந்தால் எந்தப் பயிற்சியும் உதவாது. அதைக் கடையிலேயே சரிசெய்யச் சொல்லலாம்.

ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி. இந்த ஐந்து கார்ட்கள்தான் முதல் காலாண்டின் பாடம். ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறார். அவர் சொல்லும் ஒரு நிமிடப் பயிற்சி எளிமையானது. இரண்டு கார்ட்களை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ண வேண்டும். எண்ணை எழுதிவைக்க வேண்டும். எனக்கு முதல் நாள் ஜி-யிலிருந்து சி-க்கு 9 முறை வந்தது. மார்ச் கடைசியில் 41. எண் ஏறுவதைக் கண்ணால் பார்ப்பது பெரிய தெம்பு.

அடுத்த மூன்று மாதம்: தாளம்

இடக்கை சரியான இடத்துக்குப் போகாவிட்டாலும் வலக்கை நிற்கக்கூடாது. வானொலியில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதியும் அதுவே. வாய் தடுமாறினால் தொடர்ந்து பேசு, மௌனம் விழவிடாதே. கார்ட் தவறினால் கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. தாளம் நின்றால் பாட்டே நின்றுவிடும்.

மெட்ரோனோம் இப்போது கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை தவறில்லாமல் வந்தால் 64. பிறகு 68. வேகத்தைக் கூட்ட அவசரம் வேண்டாம். நம் திரைப்பாடல்கள் பலவும் மும்மூன்றாக ஆடும் திஸ்ர நடையில் இருப்பதால், நாலு நாலாக மட்டும் பழகாமல் அதையும் இந்தக் காலாண்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு ஒரு கேப்போ தேவை. அதை ஃபிரெட் மேல் மாட்டினால் ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் அரைச் சுரம் சுருதி ஏறும். தெரிந்த ஐந்து கார்ட்களை வைத்தே உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடலாம்.

ஏழு முதல் ஒன்பது: சுவர்

ஏழாவது மாதத்தில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. அதன் பெயர் எஃப். சுட்டுவிரல் ஒன்றால் ஆறு தந்திகளையும் அழுத்திப் பிடிக்க வேண்டிய பார் கார்ட். முதல் ஃபிரெட்டில் அழுத்தம் அதிகம் தேவைப்படுவதால் அங்கே தொடங்கினால் மனம் உடைந்துபோகும். அப்பா சொல்லிக்கொடுத்த வழி: அதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடி. அங்கே அது ஏ மேஜர். ஒலி தெளிவாக வந்ததும் வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி வா. ஐந்து வாரத்தில் எஃப் பிடித்துவிட்டேன்.

அந்த மாதத்தில்தான் அப்பாவால் எஃப் பிடிக்க முடியவில்லை. என் கை ஏறும்போது அவர் கை இறங்கிக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு நான் கிள்ளானுக்குப் போனபோது அவர் தம் கிட்டாரின் இரும்புத் தந்திகளைக் கழற்றி, மெல்லிய தந்திகளை மாட்டி, சுருதியை அரைச் சுரம் இறக்கி வைத்திருந்தார். தந்தியின் இறுக்கம் குறைந்தால் விரலுக்குப் பாரம் குறையும். ஆறு தந்திக் கார்டை விட்டுவிட்டு, கீழ் மூன்று தந்திகளில் மட்டும் சிறிய கார்ட்களாக வாசித்தார். "பெரிசா நீ பிடி. மேல நான் பூ வைக்கிறேன்" என்றார். கேட்க அது முன்பைவிட நன்றாகவே இருந்தது. மூட்டு வலி உள்ள பெற்றோர் கிட்டாரை மூட்டை கட்டிவிட்டிருந்தால் இந்த மாற்றங்களைச் செய்து பாருங்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கர்நாடக இசை படித்த பிள்ளைகளுக்கு இந்தக் காலாண்டில் ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. பிரிக்பீல்ட்சில் 1981-இல் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பாட்டோ வீணையோ படித்தவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்குக் கிட்டார் பாதி தெரியும். மேற்கத்திய மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் சுரங்களே. மேஜர் பென்டடானிக் மோகனம். மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. சி-யிலிருந்து மோகனம் வாசித்துவிட்டு, அதே ஐந்து சுரங்களை ஏ-யிலிருந்து வாசித்தால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று பாட்டு வகுப்பில் கேட்டதை ஃபிரெட் பலகையில் கண்ணாலேயே பார்க்கலாம். கிட்டாரில் கமகம் வருமா என்று கேட்பவர்கள் சுகுமார் பிரசாத்தையும் இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னாவையும் கேட்டுப் பாருங்கள். மேண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் செய்துகாட்டியதையும் மறக்க வேண்டாம்.

கடைசி மூன்று மாதம்: மேடை

வானொலியில் எங்கள் நிகழ்ச்சிப் பதிவைத் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து திரும்பக் கேட்போம். சொந்தக் குரலைக் கேட்பது சங்கடம்தான், ஆனால் அதைப் போன்ற ஆசிரியர் கிடையாது. கிட்டாருக்கும் அப்படியே. ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு ஒரு நிமிடம் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். "முன்னேற்றமே இல்லை" என்று தோன்றிய செப்டம்பரில் பிப்ரவரிப் பதிவைக் கேட்டேன். சந்தேகம் அன்றோடு போனது.

இந்தக் காலாண்டில் புதிய பாட்டு எடுக்க வேண்டாம். தெரிந்த மூன்றைத் தேர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் வாசியுங்கள். யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வீட்டில் தனியாக வரும் பாட்டு, எதிரில் அத்தை உட்கார்ந்தால் ஓடிவிடும். அதனால் அக்டோபரில் ஒருவர், நவம்பரில் நான்கு பேர், டிசம்பரில் முழுக் குடும்பம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். வெளியில் ஓர் இலக்கு வேண்டுமென்றால் ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிட்டி போன்ற அமைப்புகளின் தரநிலைத் தேர்வுகள் இருக்கின்றன. அவை சிறுவர்களுக்கு மட்டும் என்று எந்த விதியும் இல்லை.

எங்கள் டிசம்பர் வந்தது. கிள்ளான் வீட்டு முன்வாசலில் உறவினர் இருபது பேர். அப்பாவின் பழைய குழு நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள். ஒரு பாட்டுதான் திட்டம். வாசித்தோம். அப்பாவின் சின்ன கார்ட்கள் மேலே ஓடின, என் எஃப் இரண்டாவது முறை மட்டும் கொஞ்சம் கரகரத்தது. முடிந்ததும் அவருடைய நண்பர் "இன்னொண்ணு" என்றார். அப்பா இரண்டாவது பாட்டைத் தொடங்கி, நடுவில் விரல் வலிக்க, கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு பாட மட்டும் செய்தார். மீதியை நான் வாசித்தேன். ஜனவரியில் தொடங்காமல் இருந்திருந்தால் அந்த மீதியை வாசிக்க ஆள் இருந்திருக்காது.

நம் ஊர்க் காற்றுக்குச் சில குறிப்புகள்

கிட்டார் தயாரிப்பாளர்கள் பலர் 45 முதல் 55 விழுக்காடு காற்று ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கிறார்கள். கோலாலம்பூரில் அது பல நாட்களில் 80-ஐத் தொடும். எனவே வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டுவையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை ஒருபோதும் விடாதீர்கள். உள்ளே ஏறும் சூட்டில் ஒட்டுப் பசை இளகிவிடும். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடமும் ஆகாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரவு நேரத்தில் தந்திகளுக்கு அடியில், பாலத்தை ஒட்டி, ஒரு மெல்லிய துணியை மடித்துச் செருகினால் ஒலி பாதியாகக் குறையும். அண்டை வீட்டாரும் நம் பக்கம் இருப்பார்கள்.

விரல் நுனி எரிந்தால் இயல்பு. மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ உடனே நிறுத்துங்கள். உட்காரும் முறையை ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். முழு ஆண்டுக்கும் ஆசிரியர் வைக்க வசதியில்லாதவர்கள் காலாண்டுக்கு இரண்டு வகுப்பாவது போகலாம். கையின் கோணத்தைக் காணொளி பார்த்துத் திருத்துவது கடினம். எதிரில் இருப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வாரம் என்ன செய்வது?

அலமாரி மேலிருக்கும் கிட்டாரை இறக்குங்கள். பழைய தந்திகளை மாற்றுங்கள். சில பத்து ரிங்கிட் செலவாகும், ஆனால் துருப்பிடித்த தந்தியில் வாசித்து யாரும் ஆசை வளர்த்ததில்லை. நாட்காட்டியில் உங்கள் எட்டு விடுமுறை வாரங்களைக் குறியுங்கள். ஆண்டு முடிவில் யாருக்கு வாசித்துக் காட்டப் போகிறீர்கள் என்று ஒரு பெயர் எழுதுங்கள். பாட்டின் பெயரை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

என் இரண்டாம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்பாவே மூன்று பாட்டுகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றிலும் எஃப் வருகிறது. பிடிப்பது நான், பாடுவது அவர்.